ஆளுக்கொரு நேரம் காட்டிய வாட்சுகள்

பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் கூடத்தில் எல்லாரும் அவளை வாட்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளம் போடும் அலுவலகத்தில் அவளுக்கு வேறு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். இதில் வேடிக்கை என்னவென்றால், வாட்சக்காவின் கையில் வாட்சை அந்தக் கூடத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. பிஸ்கட்டுக்குள் திருகாணி விழுந்துவிடுமாம். அதனால் மோதிரம், வளையல், வாட்ச், கைபேசி எல்லாவற்றையும் வாசலில் இருக்கும் இரும்புப் பெட்டிகளில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கண்காணிப்பாளருக்கு மட்டும் இந்த விதி கிடையாது. அவருடைய வாட்சைத் திருகாணியே இல்லாமல் செய்திருந்தார்கள் போலிருக்கிறது.

ஆக, அவள் வாட்ச் கட்டுவது காலையில் வீட்டிலிருந்து தொழிற்சாலை வாசல் வரைக்கும், மாலையில் வாசலிலிருந்து வீடு வரைக்கும். இந்த இரண்டு தெருத் தூரத்துக்காக ஒருத்தி கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வாட்ச் சேர்க்கிறாள் என்றால் அவளை என்ன சொல்வது? அவளுடைய தம்பி மனைவி தயங்காமல் சொன்னாள்: "அண்ணிக்கு ஒரு நட்டு கழண்டிருக்கு. அதுவும் ஏதோ வாட்ச்லேருந்துதான் கழண்டிருக்கும்."

முதல் வாட்சை முதல் சம்பளத்தில் வாங்கினாள். கடைக்காரர் பெண்களுக்கான தட்டை எடுத்து முன்னால் வைத்தார். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. மணி பார்க்க வேண்டுமானால் கையை மூக்கு நுனி வரை கொண்டுபோக வேண்டும். ஆணுக்கு நாள் முழுக்க நேரம் வேண்டும், பெண்ணுக்கு ஒரு சிட்டிகை போதும் என்று எந்த மகானோ முடிவு செய்திருந்தான். அவள் பக்கத்துத் தட்டில், உள்ளங்கையை நிறைக்கிற மாதிரி தங்க நிறத்தில் மின்னிய ஒன்றைக் காட்டினாள்.

"அது ஆம்பளைங்க வாட்சும்மா."

"ஏன், எனக்கு மணி காட்டாதா?"

கடைக்காரர் அந்தத் தட்டை அவள் முன்னால் இழுத்து வைத்தார். வாட்ச் அவள் கைக்கு வந்தது. கையிலும் நிற்கவில்லை, மணிக்கட்டில் கட்டினால் முழங்கை வரை ஊர்வலம் போய்விட்டுத் திரும்பி வந்தது. கல்யாணத்துக்கு முன் வேலைக்கு வந்துபோன பேருந்தில் மேலே கம்பியைப் பிடிக்கும்போது ஏறும், இறங்கும்போது இறங்கும். அதைப் பார்க்க வைப்பதற்காகவே அவள் உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டு போனாள்.

தங்கம் தேய்ந்து பித்தளை சிரித்ததும் ரசனை மாறியது. அடுத்து வந்தது கல் பதித்த காலம். வட்டத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ள ஏழெட்டு வண்ண வளையங்களோடு ஒரு வாட்ச் வந்தது. உடுத்துகிற துணிக்கு ஏற்ற வண்ணத்தை மாட்டிக்கொள்ளலாம். காலையில் துணிக்கு வளையம் தேடுவாள், வளையம் கிடைக்காவிட்டால் துணியை மாற்றுவாள். மணி காட்டும் சாமானாலேயே தினமும் வேலைக்குத் தாமதமாகப் போன பெண் இந்த உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

பிறகு எண்களாக ஒளிரும் வாட்சுகள். ஒன்றில் கூட்டல் கழித்தல் போடலாம்; பொத்தான்களை அமுக்கத் தீக்குச்சி வேண்டும். இன்னொன்று பாட்டுப் பாடும். பெரியப்பா இறந்த வீட்டில், எல்லாரும் குரலை அடக்கி அழுதுகொண்டிருந்த நேரத்தில், அது துள்ளாட்டப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் நிற்கவில்லை. ஒன்றை அமுக்கியபோது இன்னும் வேகமாகப் பாடியது. கையைத் தண்ணீர் வாளிக்குள் விட்டாள். தண்ணீர் புகாத வாட்ச் அது. வாளிக்குள்ளிருந்து பாடியது. பெரியம்மாவே முந்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அன்றோடு அந்தக் காலம் முடிந்தது.

அதற்கடுத்து வெளிநாட்டு மோகம். நடைபாதையில், பெரிய வட்டத்துக்குள் மூன்று குட்டி வட்டங்கள் வைத்த ஒரு கனத்த வாட்சை வாங்கி வந்து வாரக்கணக்கில் பெருமை பீற்றினாள். ஒருநாள் அவள் கணவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் வீடுகளுக்கு வர்ணம் அடிக்கிற பெயிண்டர். வர்ணம் எது, வஸ்து எது என்று அவருக்குத் தெரியும். "இந்தக் குட்டி முள்ளு மூணும் வரைஞ்சதுதான். ஆனா கை சுத்தமான ஆளு வரைஞ்சிருக்கான்," என்றார் மரியாதையோடு.

அவமானம் ஆளைப் பண்படுத்தும் என்பார்கள். வாட்சக்காவை அது பழைய சாமான் சந்தைக்கு அனுப்பியது. அங்கேதான் முதுகில் கண்ணாடி வைத்த ஒரு பழைய வாட்சைப் பார்த்தாள். உள்ளே ஒரு குட்டிச் சக்கரம் மூச்சு விடுகிற மாதிரி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. மின்கலம் கிடையாது, சாவி கொடுக்கவும் வேண்டாம்; கட்டியவர் கை ஆடினால் போதும், அந்த ஆட்டத்திலேயே சுருளை முறுக்கிக்கொண்டு ஓடும். மனிதக் கை அசைந்தால் நேரம் ஓடும், அசையாவிட்டால் நின்றுபோகும். இதைவிட நியாயமான ஏற்பாட்டை அவள் எந்தத் தத்துவப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. கல்லும் தங்கமும் பாட்டும் அன்றைக்கே கண்ணுக்குப் பிடிக்காமல் போயின. அப்படி வாங்கி வாங்கி ஒரு டஜனுக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஆனால் கை இரண்டுதானே இருக்கிறது?

பெயிண்டர் இருந்தார். சுவரில் பட்டை இழுக்கும் கை ஒரு நாளைக்கு எத்தனை தரம் மேலும் கீழும் போகிறது. காலையில் அவர் வலது கையில், முழங்கைக்கு மேலே, வரிசையாக மூன்று வாட்சுகளைக் கட்டிவிட்டாள். மாலையில் மூன்றும் வயிறு நிறைய ஓட்டத்தோடு திரும்பி வந்தன, ஓரத்தில் கொஞ்சம் பச்சைப் புள்ளிகளோடு. "பொண்டாட்டிக்குச் சமைச்சுப் போடறவன் உண்டு. வாட்சுக்குச் சோறு போடறவன் நான்தான்," என்று அவர் தேநீர்க் கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒரு பங்களாக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சட்டைக் கை விலகியபோது மூன்றையும் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தன் மேசை இழுப்பறையைச் சரிபார்த்தார். எதுவும் தொலையவில்லை, இருந்தாலும் மறுநாள் வேறு ஆளை வைத்துக்கொண்டார். உழைக்கிறவன் கையில் ஒரு வாட்ச் இருந்தால் சிக்கனம், மூன்று இருந்தால் திருட்டு. பணக்காரன் முப்பது வைத்திருந்தால் அது ரசனை.

கடைசியாக, இப்போதைக்குக் கடைசியாக, அவள் மனம் வந்து நின்ற இடம் வெள்ளை முகம், கறுப்பு எண், மூன்று முள். வேறொன்றும் கூடாது. தேதி காட்டும் சாளரம்கூடக் கண்ணை உறுத்தியது. அப்படி எட்டுப் பத்து தேறின. பழைய கல் வாட்சுகளும் பாட்டு வாட்சும் அலமாரியின் அடித்தட்டுக்கு இறங்கின, விருந்தாளி வந்தால் ஒளித்து வைக்கிற பழைய செருப்பு மாதிரி.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. இத்தனை வாட்சிலும் ஒன்றுகூடச் சரியான மணி காட்டாது. ஓட்டம்தான் அவளுக்கு இன்பம். முள்ளைத் திருப்பி வைக்கிற வேலையெல்லாம் அவளுக்கு ஆகாது. மணி தெரிய வேண்டுமானால் ரேடியோ இருக்கிறதே. பக்கத்து வீட்டுக்காரி, தப்பான மணியும் நின்ற கடிகாரமும் குடும்பத்துக்கு ஆகாது என்று ஒருமுறை பயமுறுத்திப் பார்த்தாள். வாட்சக்கா நிதானமாகச் சொன்னாள்: "என் வீட்ல நின்னுபோன வாட்ச் பத்து இருக்கு. என் வீட்டுக்காரர் தினம் வேலைக்குப் போறார். உன் வீட்ல ஒண்ணே ஒண்ணு, நிக்காம ஓடுது. உன் வீட்டுக்காரர் எந்திரிச்சாச்சா?"

தம்பி மனைவியும் அதே கூடத்தில் பெட்டி ஒட்டினாள். அவளுடைய கைக்குழந்தை சாலைக்கு அந்தப் பக்கம் காப்பகத்தில் இருந்தது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். விசில் அடித்ததும் ஓடுவாள், பால் கொடுத்துவிட்டு ஓடிவருவாள், மிச்சமிருக்கிற நேரத்தில் நின்றுகொண்டே நாலு வாய் விழுங்குவாள். கொஞ்ச நாளாக அந்த நாலு வாய்க்கும் நேரம் போதவில்லை. பிறகு பால் கொடுக்கவே போதவில்லை. குழந்தை ஒரு பக்கம் குடித்து முடிப்பதற்குள் சாலை தாண்டி விசில் கேட்கும். காப்பகத்துச் சுவரில் இருந்ததோ பிள்ளைகளுக்கு மணி சொல்லிக்கொடுக்கும் அட்டைக் கடிகாரம். அதில் எப்போதும் பத்து மணி பத்து நிமிஷம். கைபேசி வாசல் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். மூன்று முறை தாமதமாக வந்தாள். மூன்று எச்சரிக்கை. நாலாவது என்றால் வேலை போய்விடும் என்று கண்காணிப்பாளர் சொல்லிவிட்டார். விசில் அவர் வாயிலேயே இருப்பதால் அவருக்கு விசில் என்றே பெயர்.

"இவன் முன்ன மாதிரி இல்ல அண்ணி. ரொம்ப மெதுவாக் குடிக்கிறான். சோம்பேறி," என்று கைக்குழந்தையைக் குறை சொன்னாள் தம்பி மனைவி. அரவை என்ற பட்டப்பெயர் கொண்ட மூத்தவள் ஒருத்தி, ஒவ்வொரு கவளத்தையும் மாவாக அரைத்துத் தின்பவள், டப்பாவில் பாதி மிஞ்சுகிறதே, பல்லுக்கு வயசாகிவிட்டது என்று தன் பல்லைக் குறை சொன்னாள். திருடு கொடுத்தவர்கள் தங்கள் பையில் ஓட்டை இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்கள். திருடனுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

வாட்சக்காவே தம்பி மனைவியைத்தான் கடிந்துகொண்டாள். கூடத்துச் சுவரில், விசிலின் அறைக் கதவுக்கு மேலே, பெரிய கடிகாரம் ஒன்று இருந்தது. வெள்ளை முகம், கறுப்பு எண். அவளுக்கு அதன்மேல் ஒரு மயக்கம்கூட. "கடிகாரம் பொய் சொல்லாதும்மா. நீதான் வழியில யார்கிட்டயாவது நின்னு பேசறே," என்றாள். தம்பி மனைவி அதற்குப் பிறகு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் வீட்டில் பாத்திரம் கழுவும்போது கையிலிருந்த தானாக ஓடும் வாட்சை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டாள். மறந்துபோய் அப்படியே வேலைக்கு வந்துவிட்டாள். வாசல் காவலர் மணிக்கட்டைத்தான் பார்ப்பார். சாப்பாட்டு மேசையில் மேலங்கியின் கையைச் சுருட்டும்போதுதான் தெரிந்தது. அது ஏதோ ஒரு மணி காட்டியது, பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். திரும்ப விசில் அடித்தபோது மறுபடி பார்த்தாள். இருபத்திரண்டு நிமிஷம்தான் நகர்ந்திருந்தது. சுவரில் முழுசாக அரை மணி.

அன்று வீட்டுக்குப் போனதும் வாட்சைத் திட்டித் தீர்த்தாள். அரை மணிக்கு எட்டு நிமிஷம் பின்தங்குகிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா என்று. மறுநாள் வேறொன்றை ஏற்றிக்கொண்டு போனாள். அதுவும் இருபத்திரண்டு. அதற்கு மறுநாள் இன்னொன்று. அதுவும். அப்போதுதான் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள். வெவ்வேறு ஊரில் செய்த மூன்று கிழட்டு வாட்சுகள் பேசிவைத்துக்கொண்டு ஒரே அளவில் சோம்பேறிகளாக முடியாது. பொய் சொல்வது சுவர்தான். விசிலின் அறைக்குள்ளிருந்து அதற்குக் கம்பி போகிறது. சாப்பாட்டு நேரத்தில் முள்ளை விரட்டுகிறார்கள், பிற்பகலில் மெல்ல இழுத்துப் பிடிக்கிறார்கள். மாலையில் எல்லாரும் வாசலில் கைபேசியை எடுக்கும்போது மணி ஒழுங்காகப் பொருந்திவிடுகிறது. பச்சைப்பிள்ளை வாயிலிருந்து எட்டு நிமிஷத்தைப் பிடுங்கி அதில் பிஸ்கட் பெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

அவள் நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். "உன் பிள்ளை சோம்பேறி இல்ல. நீயும் எங்கயும் நின்னு பேசல. நான்தான் முட்டாள்," என்றாள். தம்பி மனைவி முதலில் அழுதாள், பிறகு விசிலின் பரம்பரை முழுவதையும் வரிசையாக நலம் விசாரித்தாள்.

ஒற்றை வாட்சைக் காட்டினால் ஓட்டை வாட்ச் என்று சொல்லிவிடுவார்கள். எல்லார் கையிலும் இருந்தால்? விடுமுறை நாளில் கூடத்துப் பெண்கள் அவளுடைய இரண்டு அறை வீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பெயிண்டர் தேநீர் போட்டுப் போட்டுக் களைத்துப்போனார். வாட்சக்கா தன் உயிரான வெள்ளை முகங்களைத் துணி விரித்து அடுக்கி வைத்து, யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள், கன்னியாதானம் செய்கிறவள் குரலில். ஒருத்தியும் கை வைக்கவில்லை.

"என்னக்கா இது, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு," என்றாள் முத்திரை ஒட்டுகிறவள். "கல்லு வச்சது ஒண்ணும் இல்லையா?"

அடித்தட்டைத் திறக்க வேண்டியதாயிற்று. அப்புறம் நடந்தது கலவரம். கல் வாட்சுக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். வண்ண வளையத்தை ஆளுக்கொன்றாகப் பிய்த்துப் பங்கு போட்டார்கள். குட்டி முள் வரைந்த போலியை ஒருத்தி கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கணக்குப் போடுகிற வாட்சை அரவை எடுத்துக்கொண்டு, தீக்குச்சி கேட்டாள். வேறு வழியில்லாதவர்களுக்குத்தான் வெள்ளை முகம் போய்ச் சேர்ந்தது. வாட்சக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலும் வந்தது. தம்பி மனைவி மட்டும் எதையும் வாங்கவில்லை. பால் கொடுக்கும்போது பிள்ளை பிடித்து இழுக்குமாம்.

மறுநாள் முழங்கைக்கு மேலே, தேவையானதற்குப் புது மின்கலம் போட்ட வாட்சுகளோடு எல்லாரும் உள்ளே வந்தாயிற்று. சாப்பாட்டு விசில் அடித்தது, தம்பி மனைவி ஓடினாள். திட்டம் எளிது: திரும்ப விசில் அடிக்கும்போது யாரும் எழுந்திருக்கக் கூடாது, எல்லாரும் சட்டைக் கையை ஏற்ற வேண்டும், அத்தனை வாட்சும் ஒரே குரலில் சுவர் பொய் என்று சொல்லும். மேசையில் பெண்கள் ஒருவருக்கொருவர் கையை விலக்கிக் காட்டிக் கிசுகிசுத்தார்கள்.

"எனக்கு ஒன்பதரை. உனக்கு?"

"மூணே கால்."

"எனக்கு ராத்திரி ஆயிடுச்சு. நான் தூங்கப் போறேன்."

வாட்சக்கா கையிலெடுத்த கவளத்தைத் திரும்ப டப்பாவில் போட்டாள். ஒரு வாட்சிலும் அவள் மணி வைக்கவில்லை. இந்த உலகத்தில் வாட்ச் சேர்க்கிறவள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. இப்போது வைக்கலாமென்றால் சரியான மணியை யாரிடம் கேட்பது? சுவரிடமா? தெருவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இவளை நம்பி, இன்றைக்கு முழு அரை மணி என்று நினைத்து, பிள்ளையை நிதானமாக இரண்டாம் பக்கம் மாற்றிக்கொண்டிருப்பாள்.

விசில் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. சொல்லிவைத்தபடி ஒவ்வொருத்தியும் தன் மணியைப் பார்த்துக்கொண்டு கையை மேலே தூக்கினாள். கல், தங்கம், பச்சைப் புள்ளி எல்லாம் பளபளத்தன. விசில் ஒரு கணம் பயந்துதான் போனார். பிறகு பக்கத்தில் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது. உள்ளே போய் மேலாளரையே கூட்டிவந்துவிட்டார்.

"சார், இதைப் பாருங்க. உலகத்துல இருக்கிற எல்லா மணியும் நம்ம கூடத்துல இருக்கு. இதுங்க நம்ம கடிகாரம் தப்புன்னு சொல்ல வந்திருக்குதுங்க."

மேலாளரும் சிரித்தார். சில பெண்கள் கையை இறக்கிவிட்டார்கள். வாட்சக்காவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. யார் முகத்தையும் பார்க்க முடியாமல் தன் கையிலிருந்த வாட்சைப் பார்த்தாள். அதன் முள் எதையும் பொருட்படுத்தாமல் போய்க்கொண்டிருந்தது. அவள் தலை நிமிர்ந்தது.

"அரவை, சாப்பிட உக்காரும்போது உன்னோடது எவ்வளவு?"

"மூணே கால்."

"விசில் அடிச்சப்ப?"

"மூணு முப்பத்தேழு."

"முத்திரை, உன்னோடது?"

"ஒன்பதரை. விசில் அடிச்சப்ப ஒன்பது அம்பத்திரண்டு."

"தூங்கப் போனவ?"

"பதினொண்ணு எட்டு. விசில் அடிச்சப்ப பதினொன்றரை."

மேலாளரின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் விரல் மடித்துக் கூட்டத் தொடங்கினார். கை இறக்கியவர்கள் மறுபடி ஏற்றினார்கள். ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொல்ல, இருபத்திரண்டு, இருபத்திரண்டு என்று மேசை முழுக்கப் பரவியது. ஒரு கிழட்டு வாட்ச் மட்டும் இருபத்தொன்று என்றது. வயதுக்கு மரியாதை கொடுத்து விட்டுவிட்டார்கள்.

"அக்கா, என்னோடது ஆறுமணியிலேயே நிக்குதே," என்றாள் போலியை வாங்கிப்போனவள்.

"அதைக் கழட்டி உள்ள வைடி," என்றாள் வாட்சக்கா. பிறகு மேலாளரைப் பார்த்தாள். "எல்லாம் ஒரே மணி காட்டியிருந்தா, நாங்க பேசிவச்சுத் திருப்பினோம்னு சொல்லியிருப்பீங்க. ஆளுக்கொரு மணி சார். ஆனா ஓடினது ஒரே அளவு. உங்க சுவர்ல மட்டும் எட்டு நிமிஷம் கூட ஓடியிருக்கு."

விசில் தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அதுதான் அவர் செய்த தப்பு. கொண்டுபோகாமல் இருந்திருந்தால் அப்படி ஒரு கை அவருக்கு இருப்பது யாருக்கும் ஞாபகம் வந்திருக்காது. மேலாளர் நீட்டச் சொன்னார். சுவரில் ஒரு மணி ஐந்து நிமிஷம். அவர் கையில் ஒன்றுக்கு இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது.

மேலாளர் ஒன்றும் நியாயத்தின் அவதாரம் அல்ல. பெட்டிக் கணக்கு கூடியபோது எப்படிக் கூடியது என்று அவர் ஒருநாளும் கேட்டவரில்லை. ஆனால் இத்தனை கைகள் ஒரேயடியாக உயர்ந்திருந்தால் எவருக்கும் கணக்குப் புரியும். நாளையிலிருந்து சரிசெய்துவிடலாம் என்றார்.

"நாளைக்கு வேண்டாம் சார். இன்னைக்கு எட்டு நிமிஷம் பாக்கி இருக்கு," என்றாள் வாட்சக்கா.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு தம்பி மனைவி வந்தாள். மூச்சு இரைத்தது, மேலங்கியில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. மேலாளரையும் விசிலையும் சேர்த்துப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"சார், பிள்ளை…"

"நீ லேட் இல்ல," என்றாள் வாட்சக்கா. "முன்ன மூணு தடவையும் லேட் இல்ல. இல்லையா சார்?"

மேலாளர் விசிலைப் பார்த்தார், விசில் தரையைப் பார்த்தார். அந்த மூன்று எச்சரிக்கையும் ரத்து என்று மேலாளர் சொன்னார், மெதுவாகத்தான் சொன்னார். பின்வரிசையிலிருந்து காதில் விழவில்லை என்று ஒரு குரல் வந்ததால் இன்னொரு முறை உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

"போம்மா. பாதி வயித்துல விட்டுட்டு வந்திருப்பே. போய் மிச்சத்தைக் குடுத்துட்டு வா," என்றாள் வாட்சக்கா.

தம்பி மனைவிக்கு எதுவும் புரியவில்லை. ஆனால் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போனாள், பாதித் தூரம் பழக்கத்தில் ஓடினாள்.

இயந்திரங்கள் நின்றிருந்தன. பாக்கி எட்டு நிமிஷத்துக்குப் பெண்கள் திரும்ப உட்கார்ந்தார்கள். ஒன்றும் செய்யாமல், சம்பளத்தோடு, மேலாளர் கண்ணெதிரே உட்கார்ந்திருப்பதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள். ஏன் என்று கேட்டவளும் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் மேசை மொத்தமும் குலுங்கியது. யாருடைய எட்டு நிமிஷம் முதலில் முடியும் என்று பந்தயம்கூடக் கட்டினார்கள்.

பிறகு ஜன்னலோரம் இருந்தவள் கையைக் காட்டினாள். எல்லாரும் எழுந்து போய்ப் பார்த்தார்கள். தம்பி மனைவி சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். நடந்து வந்தாள். வாசலுக்கு முன்னால் நின்று, மாறிப் போட்டிருந்த பொத்தான்களைக் கழற்றி ஒழுங்காக மாட்டினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, காப்பகத்துப் பக்கம் திரும்பி ஒருமுறை பார்த்தாள். அவள் நடந்து அந்தக் கூடத்துப் பெண்கள் பார்த்ததே இல்லை. ஓட்டத்தில் தெரியாத உயரம் நடையில் தெரிந்தது.

"கூப்பிடவா அக்கா?" என்றாள் முத்திரை.

"கூப்பிடாதே. இன்னும் நேரம் இருக்கு," என்றாள் வாட்சக்கா.